பொருளின் பெயர் கண்ணாடி

"மூச்சு விடாத மாப்ள" என்றார் தண்ணீர் ஆபீஸ்காரர். மச்சினன் மூச்சை அடக்கிக்கொண்டான். பேப்பர் போடுகிறவர் சைக்கிளிலிருந்து இறங்கி, சங்கிலிச் சத்தம் வராமல் தள்ளிக்கொண்டு போனார். முனை வீட்டு நாய்க்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் ஆபீஸ்காரரைக் கண்டதுமே அது முன்னங்கால்களில் முகத்தை வைத்துப் படுத்துவிட்டது. பழகிய நாய்.

அவர் நடுத்தெருவில் குனிந்து நின்றார். நெஞ்சளவு இரும்புக் கம்பி ஒன்றைத் தார்ச்சாலையில் ஊன்றி, மேல்முனையில் இருக்கும் மரக்குமிழில் வலது காதை ஒட்டவைத்து, கண்களை மூடியிருந்தார். புதிதாகப் பார்க்கிறவர்கள் பூமிக்கு ஏதோ நெஞ்சுவலி என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தார். ஓரடி பின்வாங்கினார். மறுபடி கேட்டார். பிறகு குதிகாலால் சாலையை இரண்டு தட்டு; சட்டைப்பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்து ஒரு பெருக்கல் குறி.

"இங்கதான். நாலடி ஆழம். ரெண்டங்குலக் குழாய். ஓட்டை அடிப்பக்கம்."

மச்சினன் கடப்பாரையை எடுப்பான். நாலடியில் குழாய் இருக்கும். இரண்டங்குலமாக இருக்கும். ஓட்டை அடிப்பக்கம்தான் இருக்கும். இருபத்தெட்டு வருஷமாகத் தண்ணீர் ஆபீசில் கசிவு கேட்கிற வேலை. இந்த ஒரு விஷயத்தில் அவர் வாக்கு பொய்த்ததில்லை. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. மண்ணுக்கு அடியில் இருப்பது தெரிகிறதென்றால் மண்ணுக்கு மேலே இருப்பதும் தெரிந்துதானே ஆகவேண்டும் என்று அவர் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டார்.

"தெரியாது" என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. அதனால் ஆபீசில் அவருக்குப் பெயர் 'எல்லாம் தெரிஞ்சவர்'. வாய்க்கு நீளமாக இருந்ததால் நாளடைவில் 'தெரிஞ்சவர்'. புதிதாக வந்த பொறியாளர் முதல் வாரம் இதில் மாட்டிக்கொண்டார்.

"அந்தத் தெருவுல குழாய் எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சவங்க யாரும் இல்லையாப்பா?"

"தெரிஞ்சவர் இன்னிக்கு லீவு சார்."

"இவ்வளவு பெரிய ஆபீசுல தெரிஞ்சவர் ஒருத்தர்தானா?"

"ஒருத்தரையே சமாளிக்க முடியல சார்."

வழி கேட்டால் சொல்லிவிடுவார். கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்ட ஒரு குடும்பம், பட்டும் நகையுமாக மரக்கடை வாசலில் போய் நின்றது. "நான் சொன்ன வழி சரிதான். அவங்க திரும்பக் கூடாத எடத்துல திரும்பிட்டாங்க" என்றார். இன்றைக்கு மழை வராது என்று அவர் சொன்ன நாளில் மழை கொட்டினால், "இது நேத்து வர வேண்டியது" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிறவர்கள் உண்டு. அவர் முயலைப் பிடிப்பதற்கு முன்பே காலை எண்ணிவிடுவார்.

இந்த உலகத்தில் அவரை மறித்துக் கேள்வி கேட்கத் துணிந்த ஆள் ஒரே ஒருத்தி. அவர் மனைவி. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பாள். அவர் ஒரு காரணம் சொல்வார். "அது எப்படித் தெரியும்?" என்பாள். அதற்கும் ஒன்று சொல்வார். மூன்றாவது கேள்வியில் அவருக்குச் செருப்பைத் தேடி வெளியே போகவேண்டிய வேலை வந்துவிடும். "தெரியலன்னு ஒரே ஒரு தடவ சொல்லிப் பாருங்களேன். வாய் ஒண்ணும் வெந்துடாது" என்று அவள் குரல் வாசல்வரை கூடவே வரும்.

சாயங்காலம் மட்டும் கொஞ்சம் சமாதானம். தெருப்புழுதியில் குனிந்து நிற்கிற தொழில் அல்லவா, தினமும் வலது கண்ணில் தூசியோடுதான் வருவார். கம்பியில் காதை வைத்துச் சாய்ந்தால் அந்தக் கண்தான் தரைக்குப் பக்கம். அவள் உள்ளங்கையைக் குழித்துத் தண்ணீர் ஏந்தி அவர் கண்ணில் பொத்தி வைப்பாள். அவர் இமையை இறுக்கிக்கொள்வார்.

"தெறங்க."

"தெறந்துதான் இருக்கு."

"ஊர்ல இருக்கிற தெருவ எல்லாம் தோண்டித் தெறக்கறீங்க. சொந்தக் கண்ண தெறக்க மாட்டேங்கறீங்க. தெறங்கன்னா!"

எட்டு மாதமாக அந்த வலது கண் சிவந்தேதான் இருக்கிறது. ஆபீசில் ஆளுக்கொரு சொட்டு மருந்து சொன்னார்கள். "வெறும் தூசிதான். எனக்குத் தெரியும்" என்று புறங்கையால் தேய்த்துக்கொள்வார்.

அந்தச் சாமான் கிடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நூலகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், மூன்றரை அடி ஆழத்தில்.

"மாமா, பல்லு மாதிரி ஏதோ மின்னுது" என்றான் குழிக்குள்ளிருந்து மச்சினன். மனைவியின் தம்பி. நாற்பத்தைந்து வயது, மண்வெட்டியும் நக்கலும் ஒரே கூர்மை. ஒரு மண் உருண்டையை மேலே நீட்டினான். அவர் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, கால்சட்டையில் துடைத்து, வெயிலில் பிடித்தார்.

ஆழ்ந்த நீலக் கண்ணாடி. இரண்டு விரல் உயரம். அடியில் காசு அளவு வட்டப் பாதம், அதன்மேல் குட்டைத் தண்டு, தண்டின்மேல் ஒரு கிண்ணம். அதுவரை எல்லாம் ஒழுங்கு. கிண்ணத்தின் வாயில்தான் கோளாறு. வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தது. அதுவும் சமமாக இல்லை. இரண்டு பக்கமும் தாழ்ந்து, இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு, யாரோ சூட்டோடு சூட்டாக நசுக்கிவிட்ட மாதிரி.

"என்ன மாமா இது?"

வழக்கமாக அவர் பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிடும். அன்றைக்கு மச்சினன் நெற்றி வியர்வையைத் துடைத்து முடிக்கும்வரை வரவில்லை.

"கண்ணாடி."

"கண்ணாடின்னு எனக்கே தெரியுது. என்ன கண்ணாடி?"

"பழைய கண்ணாடி."

மச்சினன் குழியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். 'பழைய' என்பது மாமாவின் அகராதியில் 'தெரியாது' என்ற சொல்லுக்கு அடுத்த வீடு. அவ்வளவு பக்கத்தில் அவர் வந்து அவன் பார்த்ததில்லை.

மத்தியானத்துக்குள் சுதாரித்துக்கொண்டார். "அந்தக் காலத்துப் பெரிய வீட்டுல அவிச்ச முட்டைய இதுலதான் நிக்க வச்சுச் சாப்பிடுவாங்க." மச்சினன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தன் முட்டையை எடுத்து அதில் நிறுத்தினான். முட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து மண்ணில் உருண்டது.

"அந்தக் காலத்து முட்டை சின்னது" என்றார்.

"என் முட்டை போச்சே மாமா."

டீக்கடையில் அதே சாமான் உப்புக் கிண்ணமாயிற்று. முடிதிருத்துகிறவரிடம் மீசை வண்ணம் கலக்குகிற பாத்திரம் என்றார். கடிகாரம் பழுது பார்க்கிறவர் கேட்டபோது எண்ணெய் விளக்கு. இந்த மூன்று பேரும் ஒரே பெஞ்சில் டீ குடிக்கிறவர்கள் என்பது அவருக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை. சாயங்காலம் அவர் தலை தெரிந்ததும் கடிகாரக்காரர் ஆரம்பித்தார்.

"வாங்க வாங்க. அந்த விளக்குல இன்னும் உப்பு மிச்சம் இருக்கா?"

"மீசைய வேற அதுலதான் கலக்கணும், மறந்துடாதீங்க" என்றார் முடிதிருத்துகிறவர்.

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஆபீஸ் குழாயடியில் நின்றுகொண்டு அதில் தண்ணீர் பிடித்துப் பார்த்தார். பாதிக்குமேல் நிற்கவில்லை, தாழ்ந்த பக்கங்கள் வழியாக வழிந்துவிட்டது. மறுபடி பிடித்தார். மறுபடி வழிந்தது. ஓட்டை இல்லாமல் ஒழுகுகிற சாமானை அவர் இருபத்தெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை. அதைச் சொந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். கடைசியில், வேறு வழி தெரியாத மனிதன் தனக்குத் தெரிந்த ஒரே வழிக்குத் திரும்புவது போல, அந்தக் கிண்ணத்தை எடுத்துக் காதில் வைத்தார்.

கண்கள் விரிந்தன. "மாப்ள! இங்க வா! நம்ம தொழில் சாமான்டா இது!"

காதில் வைத்துச் சுவரில் கேட்கிற கருவி என்பது அவர் முடிவு. கம்பி வருவதற்கு முந்தின காலத்துக் கசிவுகாரர்கள் இதை வைத்துத்தான் கேட்டார்கள். வாய் கோணலாக இருக்கிறதே? காதே கோணல்தானே! பாதத்தைச் சுவரில் ஒட்டி, கிண்ணத்தில் காதைப் பொருத்தி, அரை மணி நேரம் ஆபீஸ் சுவர்களைக் கேட்டார்.

"என்ன மாமா கேட்குது?"

"கிளார்க்கம்மா ஃபோன்ல பேசறாங்க."

"அது எனக்கு இங்கிருந்தே கேட்குது."

தோண்டும்போது கிடைக்கிற எதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது ஆபீஸ் விதி. பதிவேடு கிளார்க்கம்மாவின் வசம். கட்டங்களை நம்பி வாழ்கிறவர் அவர். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு மதியம் சாப்பாடு இறங்காது.

"பொருளின் பெயர்?" என்றார், பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு.

"காது வைக்கும் கண்ணாடி."

"காதுக்கு எதுக்குங்க கண்ணாடி? கண்ணுக்குத்தான் கண்ணாடி."

"உங்களுக்குத் தெரியாதும்மா. இது எங்க தொழில்."

"தெரியாததை எழுத மாட்டேன். தெரிஞ்சதை எழுதறேன்." பொருளின் பெயர் என்ற கட்டத்தில் 'கண்ணாடி' என்று எழுதினார். எண்ணிக்கை, ஒன்று. பயன் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். "இத மட்டும் நீங்களே உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு யாராவது கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

பேனாவை வாங்கியவர் எழுதவில்லை. "அப்புறம் வந்து எழுதறேன்" என்றார்.

"எப்போ?"

"புதனுக்கு அடுத்த நாள்."

"அதாவது வியாழக்கிழமை. நாளைக்கு."

"ஆமா. அதான்."

இது அவரிடம் புதிதாகச் சேர்ந்த பழக்கம். அந்தக் கிழமையின் பெயரை வாயால் சொல்ல மாட்டார். 'புதனுக்கு அடுத்த நாள்', 'வெள்ளிக்கு முந்தின நாள்' என்று சுற்றிக்கொண்டு போவார். ஆபீசில் அதையும் அவருடைய கோணங்கித்தனங்களில் ஒன்றாகக் கணக்கில் வைத்துச் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் மாமாவை வாருகிற மச்சினன் இதற்கு மட்டும் சிரிக்க மாட்டான். மண்வெட்டிக் காம்பைச் சரிபார்க்க ஆரம்பித்துவிடுவான்.

அவனுக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில், ஒரு திங்கட்கிழமை, அவனுடைய அக்கா கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாள்: "எப்பங்க வீட்டுக்குப் போலாம்?" டாக்டர் நாள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "வியாழக்கிழமை" என்றார் இவர், கேட்ட மாத்திரத்தில், குதிகாலால் தட்டிச் சொல்வது போல. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள் என்று தம்பி காத்திருந்தான். அவள் கேட்கவில்லை. அடுத்த கட்டில்காரியிடம் சொன்னாள், வியாழக்கிழமை போறேன் என்று. தரை துடைக்க வந்தவளிடமும் சொன்னாள். சீப்பையும் சோப்பு டப்பாவையும் பையில் எடுத்து வைக்கச் சொன்னாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் சொன்ன ஒன்றை அவள் மறுபேச்சில்லாமல் நம்பியது அந்த ஒரு தடவைதான். புதன்கிழமை மத்தியானமே அவளை வெள்ளைத்துணி போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். குறையவில்லை. கேள்வியே இல்லாத இடத்திலும் பதில் சொல்ல ஆரம்பித்தார். நிறுத்தினால் ஏதோ ஒன்று காதில் விழுந்துவிடும் என்பது போல.

இப்போது ஒரு கட்டம் அவருக்காகக் காலியாக இருந்தது. அதில் எதையாவது எழுதுவது அவருக்குப் பெரிய காரியமில்லை. முட்டை என்று எழுதலாம், விளக்கு என்று எழுதலாம். எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டால் அதுவும் ஒரு வியாழக்கிழமை ஆகிவிடுமே என்பதுதான் அவர் கையைப் பிடித்தது. அன்றிரவு கிண்ணத்தைச் சமையலறை ஜன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

காலையில் ஆபீசுக்கு வந்தால் வாசலில் கூட்டம்.

விதியின் அடுத்த வரி, கிடைத்த பொருளைப் பற்றி அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்பது. கிளார்க்கம்மா முந்தின சாயங்காலமே ஒட்டிவிட்டார். 'குழாய்ப் பணிக்காகத் தோண்டியபோது கண்ணாடி ஒன்று கிடைத்துள்ளது. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.' பதிவேட்டில் இருந்தது இருந்தபடி.

ஊரில் இத்தனை பேர் கண்ணாடியைத் தொலைத்திருப்பார்கள் என்று அவருக்கே தெரியாது. ஒருவர், "கறுப்பு ஃப்ரேம், இடது காதுப் பக்கம் நூல் சுத்தியிருக்கும்" என்றார். மோட்டார் சைக்கிளோடு வந்தவர் தன் வண்டியின் வலது கைப்பிடியைக் காட்டி, "இந்தப் பக்கத்துக் கண்ணாடிதான், ஜோடி பாத்துக்கங்க" என்றார். ஒரு பெண் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தேடி வந்திருந்தாள்.

"மூக்குக்கண்ணாடி இல்லம்மா, முகக்கண்ணாடியும் இல்ல. இது சும்மா கண்ணாடி" என்று ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தான் மச்சினன்.

"சும்மா கண்ணாடின்னா என்ன?"

"அது எங்க மாமாவுக்குத்தான் தெரியும். கேட்டுடாதீங்க, மத்தியானம் ஆயிடும்."

கூட்டம் கரைந்த பிறகு ஓர் அம்மாள் மட்டும் பெஞ்சில் இருந்தார். எழுபது வயதுக்குமேல். கட்டை விரலால் சுவரைத் தடவிக்கொண்டே மேசைவரை வந்து, எதிரில் இருந்த உருவத்தை உத்தேசமாகப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, போன வாரம் எங்க வீட்டு வாசல்ல குழி தோண்டினது நீங்கதானே? ஆழம் எவ்வளவுன்னு எட்டிப் பார்த்தேன். அதோட என் கண்ணாடியக் காணோம். குழிய மூடிட்டுப் போயிட்டீங்க. அறிவிப்பு ஒட்டியிருக்குன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க."

"இது அந்தக் கண்ணாடி இல்லம்மா" என்றார் அவர்.

"இல்லையா? சரி. தேடினா கிடைச்சுடுமா? அடுத்த வியாழக்கிழமை என் தங்கச்சி வர்றா. பதினோரு வருஷம் கழிச்சு வர்றா. அவ முகத்தப் பாக்கணும். அதுக்குள்ள கிடைச்சுடும் இல்ல?"

கிடைச்சுடும் என்ற சொல் அவர் வாயில் தயாராக இருந்ததை மச்சினன் பார்த்தான். அது எப்படி வரும் என்றுகூட அவனுக்குத் தெரியும். முதலில் மோவாய் உயரும். மோவாய் உயர்ந்தது. வாய் திறந்தது. அப்படியே நின்றது.

"தெரியலம்மா" என்றார்.

மூலையில் சாத்தியிருந்த கடப்பாரை சரிந்து தரையில் விழுந்தது. மச்சினனின் கை பட்டுத்தான். கிளார்க்கம்மா எழுதிக்கொண்டிருந்த வரியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தெரியல. குழியிலதான் விழுந்ததான்னும் தெரியல. தோண்டித்தான் பாக்கணும்."

"அப்பாடா" என்றார் அந்த அம்மாள். "இந்த ஊர்ல தெரியலன்னு சொல்ற மனுஷன இன்னிக்குத்தான் பாக்கறேன். நீ நல்லா இருக்கணும்ப்பா. எல்லாரும் எல்லாம் தெரிஞ்ச மாதிரியே பேசறாங்க, கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு."

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். "மாமாவுக்குத் தெரியலன்னா என்ன, எனக்குத் தெரிஞ்சு போச்சு, யாரு தோண்டணும்னு" என்று ஜன்னலிடம் சொன்னான்.

"அது கிடக்கட்டும்" என்றார் அந்த அம்மாள். "உங்களுக்குக் கிடைச்சத இப்படிக் குடு. இவ்வளவு தூரம் வந்தாச்சு, என்னன்னுதான் பாப்போம்."

அவர் சட்டைப்பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தார். அம்மாள் அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. கண்ணாடி போடாத அந்தக் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. விரல்கள் தண்டைப் பிடித்தன. கட்டை விரல் விளிம்பில் ஒரு சுற்று, எங்காவது உடைந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, ஆண்டுக்கணக்கில் அதே வேலையைச் செய்த விரல் செய்கிற மாதிரி, நிதானமாக ஓடி வந்தது.

"விளிம்பு நல்லா இருக்கு" என்றார். "என்ன கலர் இது?"

"நீலம்."

"எங்க ஆஸ்பத்திரியில வெள்ளை. கண் கழுவுற கிண்ணம்ப்பா இது. முப்பத்தஞ்சு வருஷம் கண்ணாஸ்பத்திரியில நர்ஸா இருந்தேன். ஒரு நாளைக்கு நூறு கண்ணு கழுவுவேன். இப்ப எனக்கே ரெண்டு கண்ணு இல்ல, பாரு."

"கண்ணா? வாய் கோணலா இருக்கே சிஸ்டர்?" என்றார் அவர். நர்ஸ் என்றதும் அம்மா சிஸ்டராகியிருந்தார்.

"கிண்ணம் கோணல் இல்ல. உன் முகம்தான் கோணல். புருவத்து எலும்பத் தடவிப் பாரு. இப்ப கன்னத்து எலும்பு. மேலயும் கீழயும் மேடு, ரெண்டு ஓரமும் பள்ளம். மேடு இருக்கிற எடத்துல கிண்ணம் தாழ்ந்திருக்கு. பள்ளம் இருக்கிற எடத்துல ஒசந்திருக்கு. அவ்வளவுதான்."

அவர் தடவிப் பார்த்தார். மச்சினனும் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"காதுக்கு எதுக்குக் கண்ணாடின்னு நேத்தே கேட்டேன்" என்றார் கிளார்க்கம்மா, பதிவேட்டை இழுத்துத் திறந்தபடி. "கண்ணுக்குத்தான்னேன். யாரு கேட்டா?" பயன் என்ற கட்டத்தில் தன் கையாலேயே 'கண் கழுவ' என்று எழுதி, அவர் கையெழுத்துக்கு இடம் விட்டார்.

"உன் குரல் கீழ்ப்பக்கமா வருது. நீ கண்ணத் தேய்ச்சுக்கிட்டே பேசறே" என்றார் நர்ஸம்மா.

"தூசி சிஸ்டர். தெருவுல வேலை."

"தேய்க்கக் கூடாது. எத்தனை நாளா?"

அவர் கையைக் கண்ணிலிருந்து எடுத்தார். "எட்டு மாசமா" என்றான் மச்சினன்.

அதன் பிறகு ஆபீஸ் அந்த அம்மாளின் வார்டாகிவிட்டது. முதலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். பிறகு கொதிக்க வைக்கச் சொன்னார். "டீ போடற கெட்டில்ங்க அது" என்று கிளார்க்கம்மா முனகினார்; முனகிக்கொண்டே சுவிட்சைப் போட்டார். மண்ணில் எத்தனை வருஷம் கிடந்ததோ, பத்து நிமிஷத்துக்குக் குறையக் கூடாது என்று கண்டிப்பு. பிறகு கொதித்த தண்ணீர் ஆறக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

"பாதிக்கு ஊத்து. நிறைய ஊத்தினா வழிஞ்சுடும்."

"அது தெரியும்" என்றான் மச்சினன். "அரை நாள் பாத்தோம்."

"குனிஞ்சு கண்ணுல பொருத்து. அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத் தலைய அண்ணாந்துக்க."

அவர் குனிந்து, வலது கண்ணில் கிண்ணத்தைப் பொருத்தினார். நீலக் கண்ணாடி புருவத்திலும் கன்னத்திலும் ஒரு உள்ளங்கை உட்காருவது போல உட்கார்ந்தது. தலையை அண்ணாந்தார். ஒரு சொட்டு வழியவில்லை. இமையை மட்டும் இறுக்கிக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மாவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் சொன்னார்: "கண்ணத் தெறப்பா. தெறந்தாத்தான் போகும். தெற."

அவர் திறந்தார் போலிருக்கிறது. சற்று நேரத்தில் கிண்ணத்தின் ஓரத்திலிருந்து ஒரு கோடு இறங்கி, காதைச் சுற்றி, சட்டைக் காலருக்குள் போயிற்று. பிறகு இன்னொரு கோடு. பாதிக் கிண்ணத் தண்ணீருக்கு அது கொஞ்சம் அதிகம். மச்சினன் கீழே கிடந்த கடப்பாரையை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த அதன் முனையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

"போதும்ப்பா. தூசி எப்பவோ வெளிய வந்திருக்கும்" என்றார் நர்ஸம்மா.

அவர் தலையைத் தாழ்த்தினார். கிண்ணத்தை எடுத்தார். அதிலிருந்ததைக் கொட்டினார். கெட்டிலைச் சாய்த்து மறுபடியும் பாதிக்கு நிரப்பி, தூசியே விழாத இடது கண்ணில் பொருத்திக்கொண்டு, அண்ணாந்தார்.